நின்ற நிமிடங்களின் பாக்கி

போன ஆண்டு நடவுக் காலத்தில் என் இதயம் நின்றுபோனது. கோபிச்செட்டிப்பாளையத்தை அடுத்துள்ள எங்கள் தோட்டத்தில், தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த சமயத்தில் அது நடந்தது. பெருந்துறை சிப்காட்டில் ஓர் ஆலையில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் அன்று விடுமுறைக்கு வந்திருந்தான். ஆலையில் அவனுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். 108 வண்டி வந்து சேரும்வரை அவன் என் நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். வண்டியில் வந்தவர்கள் மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை மீட்டார்கள். கோவையில் ஒரு மருத்துவமனையில் இரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இவை அனைத்தும் பிறர் சொல்லி நான் அறிந்தவை. அந்த நாட்கள் என் நினைவில் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

அந்த நாளைப் பற்றி எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு உடம்பில் தங்கிவிட்டவற்றைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஒரம்பரை சனம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து, "பொழச்சு வந்துட்டீங்க, இதுக்கு மேல என்னங்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் பிழைத்து வந்த உடம்பு அந்த ஒற்றைச் சொல்லோடு கணக்கை முடித்துக்கொள்வதில்லை. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால், என் உடம்பில் நடப்பது ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருத்துவர்களைக் கேட்டும் படித்தும் நான் புரிந்துகொண்டது இதுதான்: நோயாளியும் குடும்பத்தாரும் "எல்லாம் ஹார்ட்டுனால வந்தது" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கும் குறைகளில் சில இதயம் நின்றதனால் வந்தவை, சில அது மீண்டும் ஓடியதனால் வந்தவை, மற்றவை அதை ஓடவைக்கக் கையாண்ட வழிகளால் வந்தவை. எது எதனால் என்று தெரியாவிட்டால், தானாக ஆறிவிடக்கூடிய ஒன்றுக்குப் பயந்து சாவதும், உடனே காட்ட வேண்டிய ஒன்றைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதும் நடக்கும்.

முதலில் கைகளால் வந்ததைச் சொல்கிறேன். நினைவு திரும்பிய பிறகு நான் உணர்ந்த முதல் வலி இதயத்தின் வலியாக இருக்கவில்லை. நெஞ்சுக்கூட்டின் வலியாக இருந்தது. மார்பெலும்பும் இருபுறமும் சில விலா எலும்புகளும் உடைந்திருந்தன. பெரியவர்களின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பது விதி. வயது ஏறி எலும்பின் வளையும் தன்மை குறைந்த நெஞ்சில் அவ்வளவு ஆழம் அழுத்தினால் முன்பக்க விலாக்கள் முறிவது விதிவிலக்கன்று, பெரும்பாலும் நடப்பது. சாதாரண எக்ஸ்ரேயில் இந்த முறிவுகள் பலவும் தெரிவதில்லை, சிடி எடுத்தால்தான் தெரியும். ஆகவே "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லீங்களே" என்று சொல்லப்படும் நோயாளிகள் தங்கள் வலியைத் தாங்களே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

என் மருமகன் வெகுநாள் என் முகத்தைப் பார்க்கவே கூசினான். "ஏனுங் மாமா, நாந்தானுங்க உங்க எலும்ப ஒடச்சுப்போட்டேன்" என்றான். உடைக்காமல் மெதுவாகத் தடவிக்கொடுத்திருந்தால் அவன் என்னைக் கருமாதிக்குத்தான் கூட்டிப்போயிருப்பான் என்று சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. இப்படி அழுத்துவது மருத்துவத்தில் பழைய வழக்கமும் இல்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மின்பொறியாளரான வில்லியம் கவன்ஹோவனின் ஆய்வகத்தில், நாயின் மார்பில் மின்தட்டுகளை அழுத்தி வைத்தபோதே, மின்சாரம் பாயும் முன்னரே, இரத்த அழுத்தம் சற்று ஏறுவதை நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர் கவனித்தார். அவர்கள் இருவரும் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்து 1960-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன் நின்ற இதயத்தை மருத்துவர்கள் மார்பைத் திறந்து கையால் பிசைந்துதான் ஓட்டினார்கள். ஓர் அக்காள் மகன் வயல்வரப்பில் மண்டியிட்டு வெறுங்கையால் செய்யக்கூடிய காரியமாக அதை மாற்றியது அந்த நாய்களின் மேல் நடந்த சோதனைதான்.

இந்த வலி ஆறக்கூடியது. எலும்பு கூட ஆறு வாரம் ஆகும். வலி மூன்று மாதம்வரை இழுக்கலாம். அதுவரை தும்மல் வந்தாலே பயம். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருக்களித்துப் படுப்பதைவிடச் சாய்ந்து படுப்பது சுலபம். ஆனால் வலிக்கிறதே என்று மேலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கி நிமோனியா வரும். மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தனுப்புவது அதற்காகத்தான். எங்கள் பக்கத்தில் பலர் அதை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அது மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்துவதற்கான கருவி.

குழாயால் வந்தது இரண்டாவது. வென்டிலேட்டர் குழாய் தொண்டை வழியாகப் போயிருந்ததால் எனக்குச் சில வாரங்கள் குரல் கம்மிக் கிடந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. எனக்கு அது சரியாகிவிட்டது. ஆனால் இதில் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. குழாயை எடுத்துச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, நடக்கும்போது மூச்சில் விசில்போல் சத்தம் வரத் தொடங்கினால், குழாய் அழுத்திய இடத்தில் மூச்சுக்குழல் தழும்பேறிச் சுருங்குகிறது என்று பொருள்கொள்ள இடமுண்டு. அதை வீசிங் என்று நினைத்து இன்ஹேலரை மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படுக்கையால் வந்தது தசைகளின் இழப்பு. ஐசியுவில் மயங்கிக் கிடக்கும் நோயாளியின் தசை முதல் வாரத்திலேயே கண்கூடாகக் கரைகிறது. நரம்புகளும் சேர்ந்து நலியலாம். டவுன் பஸ்ஸின் முதற்படி எனக்குச் சென்னிமலைப் படியாகிப்போனது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். எங்களூருக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத்தான் முதலில் தந்தார். வேறெந்தச் சத்துமாவும் செய்யாததை அது செய்தது. சிறுநீரகமும் கல்லீரலும் இரத்தம் கிடைக்காமல் அடிபட்டிருந்தன. என் விஷயத்தில் அவை விரைவில் தேறின, ஆகவே அவற்றைப் பற்றி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் கடினமானது.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் எடுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அதற்குச் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. இதயம் நின்ற சில நொடிகளில் நினைவு போகிறது; நான்கைந்து நிமிடங்களில் செல்களின் ஆற்றல் தீர்ந்து, சேதம் தொடங்குகிறது. இதை வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் அறியாதிருந்தது, இரத்தம் திரும்புவதே இரண்டாவது அடி என்பது. வறண்டு வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் மதகை ஒரேயடியாகத் திறந்தால் கரை உடைவதைப்போல, பட்டினி கிடந்த செல்களுக்குள் ஆக்சிஜன் திடீரென்று பாயும்போது நச்சு மூலக்கூறுகள் உண்டாகின்றன, கால்சியம் அளவின்றி உள்ளே புகுகிறது, வீக்கம் ஏறுகிறது. சோவியத் மருத்துவர் விளாடிமிர் நெகோவ்ஸ்கி 1972-இல் இதைத் தனி நோயாகவே பிரித்து, உயிர்மீட்புக்குப் பிந்தைய நோய் என்று பெயரிட்டார். உடலைக் குளிர்வித்தால் இந்தச் சேதம் குறையும் என்று 2002-இல் வந்த இரண்டு ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2013-இலும் 2021-இலும் வந்த பெரிய ஆய்வுகள் 33 டிகிரிவரை குளிர்விப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டின. இப்போது காய்ச்சல் வராமல் காப்பதே முதன்மையாகப் பின்பற்றப்படுகிறது.

மூளையின் எல்லாப் பகுதியும் ஒன்றுபோல் சாவதில்லை. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியும், உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையின் பர்கிஞ்சி செல்களும் ஆக்சிஜன் குறைவுக்கு மிக எளிதில் பலியாகின்றன. ஹிப்போகாம்பஸ் செல்கள் அன்றைக்கே சாகாமல், இரத்தம் திரும்பிச் சில நாட்கள் கழித்தும் சாகக்கூடியவை. உயிர் மீண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் நினைவிலோ கவனத்திலோ ஏதேனும் ஒரு குறை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் அது லேசானது. லேசானது என்று மருத்துவர் சொல்வது வீட்டில் எப்படி இருக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்தவனின் பெயரும் அவன் அய்யன் பெயரும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. காலையில் மாத்திரை போட்டேனா என்பது நினைவில் இல்லை. "ஏனுங்க, இத இப்பத்தானுங்க சொன்னேன்" என்று என் மனைவி சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருக்காது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கும். மஞ்சள் விலை பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசினால் இருவர் சொன்னதும் எனக்குப் போய்விடுகிறது. கல்யாண மண்டபத்தில் நான்கு பேர் சேர்ந்து பேசும் இடத்திலிருந்து எழுந்து போய்விடுகிறேன். ஒதுங்கிவிட்டதாக நினைத்துச் சிலர் வருத்தப்படுகிறார்கள்.

சிறுமூளையின் குறையைக் கண்டுபிடித்தது மருத்துவமனை இல்லை, வரப்புதான். டைல்ஸ் போட்ட தரையில் எந்தக் குறையும் தெரியாமல் நடந்தவன், ஒன்றரை அடி வரப்பில் கால் வைத்ததும் தள்ளாடினேன். இருட்டில் அது இன்னும் மோசம். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சுவரோரம், முன்னால் வைக்கும் காலின் குதிகால் பின்காலின் விரலைத் தொடும்படி நடந்து பழகினேன். பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. மூளை தேறுவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது. அதன் பிறகும் ஓராண்டுவரை மெதுவாகத் தொடர்கிறது. ஆகவே முதல் வாரத்தில் இருந்த நிலையை வைத்து "இனி இவர் இவ்வளவுதான்" என்று முடிவுகட்டுவது தவறு. மூன்றாம் மாதம் வந்த பிறகும் "போகப் போகச் சரியாயிடும்" என்று பரிசோதிக்காமல் விடுவதும் தவறு.

மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போன இடத்தில் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவரைக் கண்டேன். ஆஸ்துமா முற்றி மூச்சடைத்து, அதனால் இதயமும் நின்று, மீட்கப்பட்டவர். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்வரை அவருக்கு ஒரு குறையும் தெரியாது. காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டியதும் கை வெட்டி வெட்டி இழுக்கும். எழுந்து நின்றால் முழங்கால் துள்ளும். அறுந்த இழையை முடிச்சுப் போட்டு வாழ்ந்தவருக்கு, முடிச்சுப் போட வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் விரல்கள் கட்டுப்பாட்டை இழந்தன. செய்ய நினைக்கும்போது மட்டும் வரும் இந்தத் துடிப்பை 1963-இல் ஜேம்ஸ் லான்ஸ், ரேமண்ட் ஆடம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். அவர்கள் பெயரிலேயே அது அறியப்படுகிறது. அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்பதால் இது மிகக் கொடியது. ஊரில் இவருக்குப் பேய் பிடித்ததாகவும், நடிப்பதாகவும், வலிப்பு என்றும் மூன்று விதமாகப் பேசியிருக்கிறார்கள். குளோனசெபாம், வால்புரோயேட், லெவெடிராசிட்டம் போன்ற மருந்துகள் பலருக்கு இதைக் கட்டுப்படுத்துகின்றன. நரம்பியல் மருத்துவரிடம் போய் மருந்தை மாற்றிய பிறகு அவரே தம்ளரைப் பிடித்துக் குடித்ததை நான் பார்த்தேன். தறிக்குத் திரும்பவில்லை, கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறார்.

களைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மீண்டவர்கள் மிகப் பரவலாகச் சொல்லும் குறை இதுவே, பிறர் மிகக் குறைவாக நம்புவதும் இதுவே. வேலை செய்து வரும் அசதியை உறக்கம் தீர்க்கும். இதை அது தீர்ப்பதில்லை. வங்கியில் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு வந்தால் அன்றைய பொழுது எனக்கு முடிந்துவிடுகிறது. அடிபட்ட மூளை, முன்பு தானாகச் செய்த காரியத்தை இப்போது முயன்று செய்கிறது. அந்த முயற்சியின் செலவு இது. ஆனால் எல்லாவற்றையும் மூளையின் மேல் போட்டுவிடக் கூடாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் வகை மாத்திரைகளும் களைப்பைத் தரும். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் தைராய்டைக் கெடுக்கலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்க்கச் சொல்கிறார்கள். இரத்தசோகையும் மனச்சோர்வும்கூடக் களைப்பைத் தரும். இந்தச் சாத்தியங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகே மிச்சத்தை மூளையின் களைப்பு என்று ஏற்க வேண்டும். எனக்கு மாத்திரையின் அளவைக் குறைத்ததில் ஒரு பங்கு போனது. மற்றதற்கு, கடினமான காரியம் எதுவானாலும் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்கிறேன்.

இதயத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். மீட்கப்பட்ட இதயம் முதல் இரண்டு மூன்று நாட்கள் மரத்துப்போய்ப் பலவீனமாகத் துடிக்கும். பிறகு பெரும்பாலும் தேறும். எனவே முதல் நாள் எக்கோ பரிசோதனையில் வரும், இதயம் இரத்தத்தை இறைக்கும் திறனின் எண்ணை வைத்துக்கொண்டு குடும்பத்தார் அழ வேண்டியதில்லை. என் இதயம் நின்றதற்குக் காரணம் அப்போது ஏற்பட்ட அடைப்பே என்பதால், அடைப்பை நீக்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள். காரணம் நீங்காமல் மறுபடியும் நிற்கக்கூடிய நிலையில் உள்ளவர்களுக்கு, அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியை இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கிறார்கள். மிஷெல் மிரோவ்ஸ்கியின் நெடுநாள் முயற்சியில் 1980-இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில்தான் அது முதன்முதலில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கோவை கணபதியில் பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு அது இருக்கிறது. சில வாரங்கள் கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்று சொன்னதை அவர் மாதக்கணக்கில் கடைப்பிடித்து, தோள்மூட்டு இறுகிப்போய், அதற்குத் தனியாக வைத்தியம் பார்த்தார். பட்டறைக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வெல்டிங் இயந்திரமும், ஓடும் பெரிய மோட்டாரும், ஸ்பீக்கரின் காந்தமும் கருவியைக் குழப்பலாம். அவர் வெல்டிங்கைப் பையனிடம் விட்டுவிட்டார். செல்போனைச் சட்டைப்பையில் வைப்பதில்லை, வலது காதில்தான் வைத்துப் பேசுகிறார். விழித்திருக்கும்போது ஒருமுறை அது அதிர்ச்சி கொடுத்ததாம். "அன்னைக்கு உசுரக் காப்பாத்துச்சுங்க, ஆனா அதுக்கப்புறம் தனியா குளிக்கப் போறதுக்கே பயமாப் போச்சுங்க" என்றார்.

என்னை அனுப்பி வைத்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட்டின் நீளமும் அகலமும் இருந்தன, மாத்திரைகள் இருந்தன, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது. நினைவைப் பற்றி ஒரு வரி இல்லை. இதயம் நின்றவருக்கு அடுத்தடுத்துச் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் 'உயிர்காக்கும் சங்கிலி'யில் அமெரிக்க இதயச் சங்கம் 2020-இல் ஆறாவது கண்ணியாக உடல்தேறுதலைச் சேர்த்தது; ஐரோப்பிய வழிகாட்டுதல் 2021-இல், வீடு திரும்பி மூன்று மாதங்களுக்குள் நினைவு, மனநிலை, களைப்பு ஆகியவற்றைச் சோதிக்கச் சொன்னது. நம் பக்கத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் இப்போது யாராவது "எங்க மாமனாருக்கும் இப்படித்தானுங்க ஆச்சு" என்று போன் செய்தால், சம்மரியில் எழுதி வாங்கச் சொல்லும் விவரங்கள் இவை: இதயம் நின்று துடிப்பு திரும்பும்வரை ஆன நிமிடங்கள், அழுத்தத் தொடங்கியது எப்போது, எத்தனை முறை மின்னதிர்ச்சி, குழாய் இருந்தது எத்தனை நாள், கண் விழித்தது எந்த நாள், விலா முறிவு உண்டா. வேறு ஊர் மருத்துவரிடம் போகும்போது அவர் முதலில் கேட்பவை இவையே. மூன்றாம் மாதத்துக்கு நரம்பியல் மருத்துவரிடம் ஒரு தேதியை, வீட்டுக்குக் கிளம்பும் அன்றே வாங்கிக்கொள்ளவும் சொல்கிறேன்; கூடவே, அன்றைக்கு நோயாளியோடு வீட்டிலிருப்பவர் ஒருவரும் உள்ளே போக வேண்டும் என்கிறேன். என்னென்ன மறந்துபோகிறது என்று என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? என் மனைவி அதை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தாள். மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விகளைவிட அந்த நோட்டைப் புரட்டுவதில்தான் அதிக நேரம் செலவிட்டார்.